பாட்டுக்குப் பெயர் வைத்தல்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி இராஜ்யங்களின் எல்லைகள் திருத்தி வகுக்கப்பட்டபோது, விளவங்கோடு தாலுகா சென்னை இராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் தங்கியது. ஆயினும், களியிக்காவிளையை அடுத்த பாறசாலை முதலிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் செவியை அந்த எல்லை பிரித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. காலையில் சுவாதித் திருநாள் கீர்த்தனம், மத்தியானம் தமிழ்த் திரைப்பாட்டு, இரவில் தேவராஜன் மாஸ்டரின் மலையாள மெட்டு என்று வளர்ந்த ரசனை, எங்கள் வீட்டில் அலமாரி நிறையச் சி.டி.க்களாகச் சேர்ந்து, இப்போது அவ்வளவும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கியிருக்கிறது.

அடக்குவது எளிது. சி.டி.யிலுள்ள ஒரு மணி நேரச் சங்கீதம் 600 எம்.பி.க்குச் சற்று மேலாக இடம் கொள்ளும், ஃபிளாக் முறையில், நாதத்தில் அணுவளவும் குறையாமல், அதை ஏறக்குறையப் பாதியாக்கலாம், 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 ஆக்கினால், சில சூட்சுமங்களைத் துறந்து 60 எம்.பி.க்குள் சுருக்கலாம். சிரமமெல்லாம் பெயரிடுவதில்தான்.

கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் பாட்டின் விவரத்தைப் பொதிந்து வைக்கும் ஐ.டி.3 என்னும் ஏற்பாடு 1996-இல் வந்தபோது, பாடுபவர் பெயருக்கு ஒதுக்கப்பட்டவை முப்பது எழுத்துகளே. செம்பை வைத்தியநாத பாகவதரின் பெயர், ஆங்கிலத்தில் எழுதினால், இடைவெளி உட்பட அந்த முப்பதுக்குள் மட்டாக அமைந்துவிடுகிறது. திருவனந்தபுரத்தில் 1939-இல் தோன்றிய சங்கீதக் கலாசாலைக்கு முதல் தலைவராக விளங்கிய ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரோ, கடைசிச் சில எழுத்துகளை இழந்து, வெறும் 'பாகவ' என்று நின்றுவிடுகிறார். பின்னர் வந்த திருத்தங்களால் இக்குறை நீங்கி, தமிழிலும் மலையாளத்திலுமே எழுத வழி பிறந்தது. ஆனால், ஊரை முன்னிட்டுப் பெயர் சொல்லும் நம் சம்பிரதாயம் இயந்திரத்துக்கு இன்னும் பிடிபடவில்லை. நெய்யாற்றின்கரை வாசுதேவனின் (1940–2008) ஊர்ப்பெயரை ஓர் உறையில் ஒற்றை 'டி' போட்டும், மற்றோர் உறையில் இரட்டை 'டி' போட்டும் அச்சிட்டிருந்தால், அவர் இரண்டு வித்வான்களாகிவிடுகிறார். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் 2006-இல் பாடி, பெண்கள் அங்கே பாடுவதில்லை என்ற நெடுநாள் வழக்கத்தை முடித்துவைத்த எங்கள் பாறசாலை பொன்னம்மாளையும், இனிஷியலும் புள்ளியும் இடம் மாறினால், இயந்திரம் வேறொருவராகவே எண்ணும்.

இதைவிடப் பெரிய கேள்வி, பாட்டு யாருடையது என்பது. இயந்திரம் ஒரே ஒரு 'ஆர்ட்டிஸ்ட்'டைக் கேட்கிறது. நம் வீடுகளிலோ, பாட்டி தோடி வேண்டுமென்பாள்; மகன் பாடகரைச் சொல்லுவான்; திரைப்பாட்டென்றால் எல்லோருமே படத்தின் பெயரைத்தான் சொல்லுவார்கள். பாஷைவாரியாகப் பிரித்தாலோ ஜேசுதாஸ் இரண்டு அறைகளில் குடியிருக்க நேரும். ஆகையால், கச்சேரிக்குப் பாடகர் பெயராலும், சினிமாவுக்குப் படத்தின் பெயராலும் ஃபோல்டர் வைத்து, ராகம், தாளம், சாகித்யகர்த்தா, பக்கவாத்தியக்காரர் ஆகிய விவரங்களை உள்ளே டேகில் எழுதி, ஒருவருக்கு ஓர் எழுத்துக்கூட்டல்தான் என்று உறுதி செய்துகொள்வதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். கேட்பவர் எப்படிக் கேட்கிறாரோ, அப்படிக் கிடைப்பதுதானே ஒழுங்கு? டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்து உறவினர் வீட்டில் வைத்துவிட்டால், இடி மின்னலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

எனினும், எந்த மென்பொருளாலும் தீராத ஒரு மிச்சம் உண்டு. கோயில் திருவிழாக் கச்சேரியை யாரோ கேசட்டில் பதிந்து, பிறகு சி.டி.யாக்கிக் கொடுத்ததில் உறையுமில்லை, பெயருமில்லை. 'டிராக் 03' என்று கிடந்த அத்தகைய ஒன்றை, காம்போதி என்று எழுதப்போன என்னை, "நில்லுடே, எதுகுலகாம்போதியாக்கும்" என்று சித்தப்பா தடுத்துவிட்டு, பாடியவர், வயலின்காரர், அன்று மழையால் கச்சேரி பிந்தித் தொடங்கியது உட்பட எல்லாம் சொன்னார். நகலெடுப்பதை நாளைக்கு ஒத்திப்போட்டாலும் பாதகமில்லை. இப்படிக் கேட்டு எழுதும் வேலையைத்தான் ஒத்திப்போடக் கூடாது.