ஜன்னலுக்குக் கீழே ஒரு மரம்

சிகாகோ நகரின் மையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் 'சிவப்புத் தட' இரயில், டான் ரயன் நெடுஞ்சாலையின் நடுவிலேயே ஓடுகிறது. இருமருங்கிலும் கார்கள் பேரிரைச்சலுடன் விரைந்து கொண்டிருக்கும். 47-ஆம் தெரு நிலையத்தில் இறங்கிக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் ஸ்டேட் தெரு வந்துவிடுகிறது.

அங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். புதிதாக எழுந்த வீடுகள், இடையிடையே புல் மண்டிய வெற்று மனைகள். ஆனால் இந்த மண்ணில்தான் ராபர்ட் டெய்லர் குடியிருப்பு நின்றது. 1962-இல் கட்டி முடிக்கப்பட்ட அக்குடியிருப்பில் 16 மாடிகள் கொண்ட 28 கட்டடங்கள், ஏறத்தாழ 2 மைல் நீளத்திற்கு அணிவகுத்து நின்றன. அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய அனைவரும் கறுப்பின ஏழை மக்கள். அவர்களுள் பிள்ளைகளைத் தனியே வளர்த்த தாய்மார்கள் மிகப் பலர்.

தொடக்கத்தில் கட்டடங்களைச் சுற்றி மரங்களும் புல்தரையும் இருந்தன. பின்னர் பராமரிப்புச் செலவைக் குறைக்கவும் புழுதியை அடக்கவும் பெரும் பகுதிக்குத் தளம் போட்டு மூடிவிட்டார்கள். சில கட்டடங்களின் அருகில் மட்டும் மரங்கள் தப்பிப் பிழைத்தன. செலவை மிச்சப்படுத்துவதென்றால் ஏழையின் முற்றத்திலிருந்துதான் தொடங்குவார்கள் போலும்!

இந்தத் தற்செயலையே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சஸ் குவோ, வில்லியம் சல்லிவன் ஆகியோர் ஆராய்ச்சிக் களமாக்கிக் கொண்டனர். மரநிழலை நாடுவோர் இயல்பாகவே அமைதியானவர்களாக இருக்கலாமே என்பது இத்தகைய ஆய்வுகளுக்கு எழும் முதல் ஆட்சேபம். இங்கு அதற்கு அதிக இடமில்லை. வீட்டு வசதி வாரியம் ஒதுக்கிய வீட்டில்தான் குடியேற வேண்டும். மரமுள்ள பக்கம் வேண்டுமென்று கேட்டுப் பெறும் வாய்ப்பு எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

145 பெண்மணிகளிடம் பேட்டி கண்டார்கள். மன நலத்தை எப்படி அளப்பது? அவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று மிக எளியது. சில எண்களைச் சொல்லி, அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் செய்தனர். 4, 7, 2 என்றால் 2, 7, 4 என்று கூற வேண்டும். வறுமையோடும் அச்சத்தோடும் நாள் முழுதும் போராடிச் சோர்ந்த மனத்தால் இதை எளிதில் செய்ய இயலாது. மரமும் புல்லும் உள்ள கட்டடத்துப் பெண்கள் இதில் மேம்பட்டிருந்தனர். வீட்டிற்குள் கோபமும் கைகலப்பும் குறைவென்றும் அவர்கள் தெரிவித்தனர். அண்டை வீட்டாரை நன்கு அறிந்திருந்தவர்களும், ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்து கொண்டவர்களும் அவர்களே. காரணம் விளங்காததல்ல. நிழலிருந்தால் நாற்காலியைப் போட்டு அமரலாம். அமர்ந்தால் பேச்சு வளரும். சுட்டெரிக்கும் தளத்தில் யார் நிற்பார்கள்?

அருகிலிருந்த ஐடா பி. வெல்ஸ் குடியிருப்பின் 98 கட்டடங்களைக் காவல்துறைப் பதிவுகளுடன் ஒப்பிட்டு 2001-இல் மற்றொரு ஆய்வை வெளியிட்டனர். பசுமை மிகுந்த கட்டடங்களில் குற்றங்கள், பசுமை குன்றியவற்றைவிட 52 சதவீதம் குறைவாகப் பதிவாகியிருந்தன. மரம் நட்டாலே திருட்டு ஒழிந்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. ஆயினும், அடர்ந்த மரங்கள் திருடர்களுக்கு மறைவிடமாகும் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கருத்து ஆட்டம் கண்டது.

இத்தனையும் அச்சேறிய காலத்திலேயே கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடத் தொடங்கியிருந்தன. ராபர்ட் டெய்லரின் கடைசிக் கட்டடம் 2007-இல் தரைமட்டமாயிற்று.

வெற்று மனையொன்றின் ஓரத்தில் நின்றபோது 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வு நினைவுக்கு வந்தது. 169 சிறுவர் சிறுமியரிடம் அவர்கள் சுயக்கட்டுப்பாட்டைச் சோதித்தார்கள். ஜன்னல் வழியே பசுமை தெரிந்த வீட்டுச் சிறுமிகள் சிறந்து விளங்கினர். சிறுவர்களிடம் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. பையன்கள் வீட்டை விட்டுத் தொலைவில் விளையாடச் சென்றுவிடுவதால் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். சிறுமிகளுக்கோ, அந்த ஜன்னலுக்குக் கீழே தெரிந்ததுதான் பெரும்பொழுது உலகமாக இருந்தது.