சொல்லின் வரப்பு

வயலுக்கு வரப்பு எல்லை. ஒருவர் நிலம் எங்கே முடிகிறது, அடுத்தவர் நிலம் எங்கே தொடங்குகிறது என்பதை அது காட்டி நிற்கிறது. செய்திக்கும் விளம்பரத்திற்கும் நடுவிலும் அத்தகைய வரப்பு ஒன்று இருந்தது. இணையத்தில் அந்த வரப்பு கரையும்போது வாசகர் இழப்பது எதனை? அதனை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது இக்கட்டுரை.

திருவையாற்றிற்கு அருகில் உள்ள சிற்றூர் ஒன்றில் ஆறு மா நிலம் வைத்திருக்கும் உழவர் அவர். குறுவைக்கு ஆழ்துளைக் கிணற்று நீரையே பெரிதும் நம்பியிருப்பவர். மும்முனை மின்சாரம் எந்நேரம் வருகிறதோ அந்நேரம் எழுந்து, கைவிளக்குடன் வரப்பில் நடந்து, வயல் மூலையில் உள்ள மோட்டார் கொட்டகைக்குச் செல்வார். மழைக்காலத்து இரவுகளில் அவ்வழியில் பாம்புகள் உண்டு. கைப்பேசியிலிருந்தே மோட்டாரை இயக்கவும் நிறுத்தவும் உதவும் கருவியொன்று இருப்பதை அண்டை வயல்காரர் வழியாக அவர் அறிந்தார். அதை வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும்படி பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் தம் மகளிடம் கேட்டார்.

மகள் தொழில்நுட்பச் செய்திகளை வெளியிடும் இணையதளம் ஒன்றைத் திறந்தாள். கருவி எவ்வாறு இயங்குகிறது, அதற்கு ஏன் தனிச் சிம் அட்டை வேண்டும், மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் எரியாமல் எவ்வாறு காக்கிறது என்பனவற்றையெல்லாம் கட்டுரை தெளிவாக விளக்கியது. அவள் உரக்கப் படித்தாள், தந்தை கேட்டுக்கொண்டிருந்தார். கட்டுரையின் நடுவே ‘மோட்டார்’, ‘சிம்’, ‘கடன்’ முதலிய சில சொற்கள் மட்டும் வேறு வண்ணத்தில், அடிக்கோட்டுடன் இருந்தன.

பாடநூலில் அருஞ்சொல்லுக்குப் பொருள் தருவதைப் போல இங்கும் விளக்கம் இருக்கும் என்று எண்ணி, ‘கடன்’ என்னும் சொல்லைத் தொட்டாள். விளக்கம் வரவில்லை, ஐந்தே நிமிடத்தில் கடன் தருவதாகக் கூறும் செயலி ஒன்றின் பக்கம் வந்தது. கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்கள் அனைத்தையும் பார்க்க இசைவு தருமாறு அது கேட்டது. அவள் தயங்கினாள்.

“என்னம்மா யோசிக்கிற? செய்தியிலேயே போட்டிருக்காங்களே, சரியாத்தானே இருக்கும்?” என்றார் தந்தை.

“செய்தி எழுதினவங்க இதப் போடலைப்பா. இது விளம்பரம்” என்றாள் மகள்.

தந்தை சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப மேட்டூர்ல இவ்வளவு அடி தண்ணி இருக்குன்னு போடுறதும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

அவர் கேள்விக்குப் பின்னால் ஓர் உழவர் குடும்பத்தின் ஆண்டு முழுவதும் இருந்தது. மேட்டூர் அணை சூன் 12 அன்று திறக்கப்படுமா, நீர்மட்டம் 120 அடியில் எவ்வளவு நிற்கிறது என்பனவற்றைச் செய்தியில் படித்தே காவிரிப் படுகை உழவர் நாற்றங்கால் விடுவதா, காத்திருப்பதா என்று முடிவு செய்கின்றனர். பொய்யான ஒரு சொல் மெய்யான செய்தியையும் ஐயத்திற்கு உள்ளாக்கிவிட்டது.

கோடிட்ட சொல்

செய்தியின் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும் சொல்லை விளம்பரமாக்கும் முறை இவ்வாறு இயங்குகிறது. விளம்பரதாரர்கள் தமக்கு வேண்டிய சொற்களின் பட்டியலை விளம்பர நிறுவனத்திடம் தருவர். வாசகர் ஒரு பக்கத்தைத் திறந்ததும் அந்நிறுவனத்தின் நிரல் அப்பக்கத்தைப் படிக்கும். பட்டியலில் உள்ள சொல் கண்ணில் பட்டால் அதன் அடியில் கோடிட்டு, விளம்பரத்தோடு இணைத்துவிடும். வாசகர் சொடுக்கினால் விளம்பரதாரர் பணம் தருவார். அதில் ஒரு பங்கு இணையதளத்திற்குச் சேரும். கட்டுரையை எழுதியவருக்கோ அதைத் திருத்திய ஆசிரியருக்கோ எந்தச் சொல் விற்கப்பட்டது என்பது தெரிய வேண்டிய தேவையே இல்லை.

இம்முறை 2000-ஆம் ஆண்டுக்குப் பின் பரவியது. வைப்ரன்ட் மீடியா என்னும் நிறுவனத்தின் ‘இன்டெலிடெக்ஸ்ட்’ இவ்வகையில் பெயர்பெற்ற ஒன்று. இரட்டைக் கோடிட்ட சொல்லின் மீது சுட்டியை நகர்த்தினாலே சிறு பெட்டி விரிந்து விளம்பரத்தைக் காட்டும். 2004-ஆம் ஆண்டில் அமெரிக்க வணிக இதழான ஃபோர்ப்சின் இணையதளம் இதனை ஏற்றது. தாம் எழுதிய வாக்கியத்துக்குள் தம்மைக் கேளாமலே விளம்பரம் நுழைவதை அங்கிருந்த செய்தியாளர்கள் எதிர்த்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் இணையதளம் அதனைக் கைவிட்டது.

இரட்டைக் கோடு இன்று அருகிவிட்டது. ஆயினும் அதன் நோக்கம் வேறு வடிவங்களில் வாழ்கிறது. ஒரு கருவியைப் பற்றிய மதிப்புரையில் உள்ள இணைப்பைத் தொட்டு வாசகர் அக்கருவியை வாங்கினால், விற்பனையில் ஒரு விழுக்காடு இணையதளத்திற்குத் தரகாகச் சேர்கிறது. அதனை வெளிப்படையாகக் கூறும் தளங்களும் உண்டு. பக்கத்தின் கடைசியில், யாரும் படிக்காத இடத்தில் கூறும் தளங்களும் உண்டு. கூறாமலே விடும் தளங்களும் உண்டு.

பணம் பெற்று அமைக்கப்படும் இணைப்புகளை அடையாளம் காட்டுவதற்கெனத் தனிக் குறிச்சொல் ஒன்றைக் கூகுள் 2019-ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தது. அக்குறிச்சொல் பக்கத்தின் நிரலுக்குள் மறைந்து நிற்கும். தேடுபொறி அதனைப் படித்து அறிந்துகொள்ளும்; படிக்கும் மனிதர் கண்ணுக்கு அது தெரியாது. எந்திரத்திடம் மறைக்கக் கூடாது என்று கருதப்படும் உண்மை, மனிதருக்குச் சொல்லப்படாமலே போகலாம் என்பது எண்ணத்தக்கது.

திருவையாறு தந்த இதழாளர்

செய்தியின் மீதான நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது திருவையாற்றுக்குத் தனி உரிமை உண்டு. தமிழ்நாட்டு இதழியலின் முன்னோடியான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1855-ஆம் ஆண்டில் இவ்வூரில் பிறந்தவர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக தி. முத்துசாமி ஐயர் என்னும் இந்தியர் அமர்த்தப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் இழித்து எழுதின. அதற்கு மறுமொழி சொல்ல நம்மவர்க்கு ஓர் இதழ் இல்லையே என்று வருந்திய இளைஞர் அறுவர், 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’ இதழைத் தொடங்கினர். முதல் இதழில் அச்சான படிகள் 80. அறுவருள் ஒருவரான சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது அகவை இருபத்து மூன்று.

ஆங்கிலம் அறியாத மக்களுக்கும் செய்தி சென்று சேர வேண்டும் என்று கருதி, 1882-ஆம் ஆண்டில் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். வார இதழாகப் பிறந்த அது 1899-ஆம் ஆண்டில் நாளிதழாயிற்று. 1904-ஆம் ஆண்டில் பாரதியார் அதில் பணியில் சேர்ந்தார். அரசுக்கு எதிராக எழுதியமைக்காக 1908-ஆம் ஆண்டில் சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். அச்சில் ஏறிய சொல்லுக்குத் தம் உடலையே பிணை வைத்தவர் அவர்.

அக்கால இதழ்கள் விளம்பரமின்றி நடந்தன என்று எண்ணிவிடக் கூடாது. ‘தி இந்து’ இதழின் முதற்பக்கம் 1958-ஆம் ஆண்டு வரை முழுவதும் விளம்பரங்களாலேயே நிறைந்திருந்தது. செய்தியைப் படிக்க வாசகர் தாளைப் புரட்ட வேண்டியிருந்தது. ஆயினும் அதனால் எவரும் ஏமாறவில்லை. முதற்பக்கம் விளம்பரம் என்பதும் உட்பக்கம் செய்தி என்பதும் அனைவருக்கும் தெரிந்திருந்தன. விளம்பரம் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதைவிட, அது தன்னை விளம்பரம் என்று காட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதே நம்பிக்கையின் அடிப்படை என்பதனை இது உணர்த்துகிறது.

மூலமும் இடைச்செருகலும்

ஒருவர் சொல்லுக்குள் மற்றொருவர் சொல் நுழைவதைக் குறிக்கத் தமிழில் நெடுநாளாக ஒரு சொல் உண்டு. அது ‘இடைச்செருகல்’. காவிரிப் படுகையின் தேரழுந்தூரில் பிறந்த கம்பரின் காப்பியத்தில் பிற்காலத்தவர் பாடல்கள் சில கலந்தன. வெள்ளியம்பலத் தம்பிரான் சேர்த்தவை என்று கூறப்படுபவற்றை ‘வெள்ளி பாடல்கள்’ என்றே அறிஞர் அழைத்தனர். பதிப்பாசிரியர்கள் ஐயத்திற்குரிய பாடல்களை அழித்துவிடவில்லை. ‘மிகைப் பாடல்கள்’ என்று பெயரிட்டுத் தனியே அச்சிட்டனர். எது கம்பர் வாக்கு, எது பிறர் வாக்கு என்று அறியும் உரிமை படிப்பவருக்கு உண்டு என்பதே அவர்கள் கருத்து.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய உ.வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டுக்கு ஏடு சொல் வேறுபடும் இடங்களை ஒப்புநோக்குவதற்கு அவர் பட்ட பாடு பெரிது. ஒரு சொல் நூலாசிரியர் சொல்தானா என்று உறுதி செய்வதற்காக ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தார். மூலம் வேறு, உரை வேறு, பாடபேதம் வேறு என்று காட்டிப் பதிப்பிப்பது அறிவின் ஒழுக்கமாயிற்று. அவ்வொழுக்கத்தில் வளர்ந்த மொழியின் வாசகர், கோடிட்ட சொல்லைக் கண்டதும் அங்கே விளக்கம் இருக்கும் என்று நம்புவது இயல்பு. அந்த இயல்பான நம்பிக்கையையே இவ்விளம்பர முறை விலைபேசுகிறது.

வருவாயும் வாய்மையும்

இணையதளம் நடத்துவோர் பக்கமும் நியாயம் உண்டு. செய்தியாளருக்கு ஊதியம் தர வேண்டும். கணினிகளுக்குச் செலவிட வேண்டும். செய்தியை விலையின்றிப் படிக்கப் பழகிய வாசகர், அதன் செலவை யார் ஏற்கிறார் என்று கேட்பதில்லை. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் 1903-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் தொடக்கத்தில் விளம்பரங்களை ஏற்று, பின்னர் அவற்றை நிறுத்தினார். இதழின் சுமையை வாசகரே ஏற்க வேண்டும் என்று கருதினார். அவ்வழி எல்லா இதழ்களாலும் இயலாது. விளம்பரம் இருக்கலாம், அது தன் முகத்தோடு இருக்க வேண்டும் என்பதே நாம் கேட்கக் கூடியது.

அதனைச் சட்டமும் கேட்கிறது. பணம் பெற்று வெளியிடும் எழுத்தின் மேல் ‘விளம்பரம்’ என்று அச்சிட வேண்டும் என அமெரிக்கா 1912-ஆம் ஆண்டிலேயே இதழ்களுக்கு விதி வகுத்தது. செய்தியிலிருந்து விளம்பரம் தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் கூறுகின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று இணையத்தில் நுகர்வோரை ஏய்க்கும் உத்திகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் பட்டியலிடப்பட்ட 13 உத்திகளுள் உருமறைத்த விளம்பரமும் ஒன்று. செய்திக் கட்டுரை போன்ற தோற்றத்தில் விளம்பரத்தை ஒளித்து வைத்துச் சொடுக்கச் செய்வதை அது குறிக்கிறது. ஏமாற்றப்பட்ட நுகர்வோர் 1915 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

சட்டம் வந்து சேருவதற்கு முன்பே விரல் திரையைத் தொட்டுவிடுகிறது. ஆதலால் படிப்பவரின் விழிப்பே முதற்காவல். கோடிட்ட சொல்லைத் தொடுவதற்கு முன் அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால், இணைப்பு எம்முகவரிக்குச் செல்கிறது என்பதைப் பெரும்பாலான கைப்பேசிகள் காட்டும். கட்டுரையை எழுதியவர் பெயர் உள்ளதா, எந்நாளில் எழுதப்பட்டது, குறைகளும் கூறப்பட்டுள்ளனவா, நிறைகள் மட்டுமா, தரகு பெறுவதாக எங்கேனும் குறிப்பு உள்ளதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். கடன், மருந்து, முதலீடு ஆகிய மூன்று சொற்களின் அடியில் கோடு இருக்குமாயின் இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவிடலாம்.

அன்றிரவு மகள் அக்கட்டுரையை மீண்டும் திறந்தாள். தந்தையின் அருகில் அமர்ந்து, “அப்பா, இந்தக் கோடு போட்ட சொல்லை எல்லாம் தொடாம, மீதியை மட்டும் படிக்கிறேன், கேளுங்க” என்றாள். பின்னர் மேட்டூர் நீர்மட்டத்தை நாளிதழிலும் நீர்வளத் துறையின் அறிவிப்பிலும் ஒப்பிட்டுக் காட்டினாள். இரண்டும் ஒத்திருந்தன. தந்தை தலையசைத்தார். மறுநாள் காலையில் கடன் பற்றிக் கேட்பதற்காகத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திற்குச் சென்றார்.

கருவி வாங்கும் வரையில் இரவில் அவர் வரப்பில்தான் நடக்க வேண்டும். ஆண்டுதோறும் அண்டை வயல்காரரும் அவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று மண்ணை வெட்டிப் போட்டு அந்த வரப்பைச் செப்பனிடுகின்றனர். ஒருவர் மட்டும் செய்தால் அது நிற்பதில்லை. செய்தியின் வரப்பும் அத்தகையதே. எழுதுவோர் ஒரு பக்கம் மண்ணிட வேண்டும். படிப்போர் மறுபக்கம் மண்ணிட வேண்டும்.