ஒரே வீட்டில் இரு குடித்தனம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கணிப்பொறி கெட்டுவிட்டது என்று சொல்வது எளிது. அதில் எது கெட்டது என்று சொல்வதுதான் கடினம். ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்களைக் குடிவைத்திருப்பவர்களுக்கோ அந்தக் கடினம் இரு மடங்கு. ஒன்று எழவில்லையென்றால் மற்றொன்றின் மீது ஐயம் பிறக்கும்; இரண்டுமே எழவில்லையென்றால் ‘எல்லாம் போயிற்று’ என்ற முடிவுக்கு மனம் தாவிவிடும். அப்படித் தாவ வேண்டியதில்லை என்பதை என் அனுபவத்தைக் கொண்டு சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பொறிக்கு இரண்டு இயங்குதளங்கள் எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. விண்டோஸின் முதல் பதிப்பு 1985-இல் வெளிவந்தது. லினக்ஸோ, 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவரால் தொடங்கப்பட்டது. முன்னது விலைக்குக் கிடைப்பது. பின்னதை எவரும் இலவசமாகப் பெறலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற பொறிகள் பலவற்றில் விண்டோஸும் ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆகவே இந்த இரட்டைக் குடித்தனம் நம் மாநிலத்துக்குப் புதிதன்று.

எங்கள் வீட்டில் இருப்பது, ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய மேசைக் கணிப்பொறி. உப்பளத்தில் வேலை செய்யும் என் தந்தை பழைய விலைக்கு வாங்கித் தந்தது. அதிலிருந்த 500 ஜி.பி. ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் இருக்கிறது. விடுமுறையில் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, அதில் லினக்ஸை ஏற்றினேன். என் நிரல் பயிற்சிகள் அதில்தான். விண்டோஸ் பக்கம் என் தாயாரின் பக்கம் எனலாம். 12 பெண்கள் அடங்கிய சுய உதவிக் குழுவுக்கு அவர் தலைவி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் குழுவின் கணக்கு நோட்டுகள் ஊறிக் கூழாகிவிட்டன. ஒவ்வொருவர் வீட்டிலும் மிஞ்சிய துண்டுச் சீட்டுகளையும் நினைவுகளையும் திரட்டி, யார் எவ்வளவு சேமித்தார், யார் எவ்வளவு வட்டி கட்டினார் என்று பல இரவுகள் உட்கார்ந்து அந்தப் பொறியில்தான் ஏற்றினோம்.

சென்ற கோடையில் ஒரு வாரம் உறவினர் வீட்டுக்குச் சென்று திரும்பி, பொறிக்கு மின்சாரம் கொடுத்தபோது அது எழவில்லை. எது வேண்டும் என்று கேட்கும் வழக்கமான பட்டியலே வரவில்லை. லினக்ஸ் இருந்த சுவடே இல்லை. விண்டோஸின் சின்னம் மட்டும் தோன்றும், உடனே நீலத்திரை, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. அடுத்த திங்கட்கிழமை குழுவின் கடன் மனுவோடு கணக்கையும் வங்கியில் காட்டியாக வேண்டும்.

பழுது பார்க்கும் கடையில் கேட்டேன். “தம்பி, ரெண்டு சிஸ்டம் போட்டா இப்படித்தான். ரெண்டு டிஸ்கையும் ஃபார்மட் அடிச்சிரலாம். உள்ள இருக்கிறது வராது” என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, “ஏய்யா, அப்போ அத்தனை பேரு கணக்கும் போச்சா?” என்று கேட்டார்கள். எனக்கு மறுமொழி வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அண்ணனிடம் கேள், மாமாவிடம் கேள் என்று சொல்ல எங்களுக்கு எவரும் இல்லை.

அன்றிரவு, ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தந்த விதி நினைவுக்கு வந்தது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை நிலையாக வை. அதையே இங்கும் கையாண்டால் என்ன?

பொறி எவ்வாறு விழிக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மின்சாரம் வந்ததும் மதர்போர்டில் உள்ள ‘பயாஸ்’ என்ற சிறு நிரல் விழிக்கும். எந்த வட்டை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசை அதனிடம் உண்டு. அந்த வட்டின் தொடக்கத்திலுள்ள 512 பைட்டை அது படிக்கும். அதில் 446 பைட் தொடக்க ஆணைகள். 64 பைட் வட்டின் பிரிவுகளைக் காட்டும் அட்டவணை. கடைசி 2 பைட் ‘இதிலிருந்து எழலாம்’ என்ற முத்திரை. (புதிய பொறிகளில் யு.இ.எஃப்.ஐ. என்ற வேறு முறை வந்துவிட்டது, எங்களுடையது பழையது.) இரண்டு இயங்குதளங்களும் தனித்தனி வட்டுகளில் இருப்பதன் நன்மை இங்கேதான் விளங்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் உண்டு. ஒன்றைக் கழற்றி வைத்தாலும் மற்றது தானே எழ முடியும்.

முதற் சோதனையாக, மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஹார்டு டிஸ்கின் கேபிளைக் கழற்றினேன். எஸ்.எஸ்.டி. மட்டும் மிஞ்சியது. பொத்தானை அழுத்தினேன். லினக்ஸ் எழுந்தது! போய்விட்டது என்று எண்ணிய வட்டு நலமாக இருந்தது. பயாஸ் அதைத் தேடிச் செல்லவில்லை, அவ்வளவே.

இரண்டாம் சோதனையாக, கேபிளை மாட்டிவிட்டு, தொடக்கத்திலேயே எஸ்.எஸ்.டி.யைக் கையால் தேர்ந்தெடுத்து லினக்ஸுக்குள் சென்றேன். அங்கிருந்து விண்டோஸ் வட்டை ‘படிக்க மட்டும்’ என்ற முறையில் திறந்தேன். குழுவின் கணக்குக் கோப்பு அப்படியே இருந்தது. வேறெதையும் தொடுமுன் அதைப் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு அம்மாவை எழுப்பினேன். அவர் திரையில் முதலில் தேடியது தம் பெயரை அன்று; கைம்பெண்ணான ஓர் உறுப்பினரின் சேமிப்புத் தொகையை.

இரு வட்டுகளும் நலமென்றால் நோய் எங்கே? பயாஸைத் திறந்து பார்த்தேன். அதில் தேதி 2012 ஜனவரி 1 என்றிருந்தது. அதுவே துப்பு. மின்சாரம் இல்லாத வேளையில் பயாஸின் கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பது மதர்போர்டிலுள்ள ஒரு பொத்தான் பாட்டரி. சி.ஆர். 2032 என்று பெயர், 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன் என்பதே அந்த எண்ணின் பொருள். 3 வோல்ட் காட்ட வேண்டிய அது, மல்டிமீட்டரில் 1.8 வோல்ட் காட்டியது. ஒரு வாரம் மின்சாரம் இல்லாதபோது பயாஸ் தன் நினைவை இழந்திருக்கிறது. வட்டு வரிசை மாறியதால் லினக்ஸ் மறைந்தது. வட்டோடு பேசும் முறை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ஐ.டி.இ.க்கு மாறியதால் விண்டோஸ் நீலத்திரை காட்டியது. லினக்ஸ் எழும்போதே இரண்டு முறைகளையும் ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ், தான் நிறுவப்பட்ட முறை மாறினால் பெரும்பாலும் தடுமாறும். இரு வேறு நோய்களாகத் தோன்றியவற்றுக்கு மூலம் ஒன்றே! புதிய பாட்டரியை மாட்டி, இரண்டு அமைப்புகளையும் பழையபடி ஆக்கியதும் இரண்டு குடித்தனக்காரர்களும் எழுந்துவிட்டார்கள்.

இரட்டைக் குடித்தனத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் சிலருக்குக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். லினக்ஸ் வழக்கமாகப் பொறியின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கும். இந்திய நேரம் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. இருவரில் ஒருவரை மற்றவர் வழக்கத்துக்கு மாற்றிவிட்டால் சச்சரவு தீரும். இங்கும் பழுது எதிலும் இல்லை, பொருந்தாமைதான் உண்டு.

நண்பர்களே, திங்கட்கிழமை கணக்கு வங்கிக்குச் சென்றது என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. நம்மில் பலர் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் வீடுகளிலிருந்து வருகிறோம். அறிந்தவர் ஒருவர் ‘போச்சு’ என்றால் தலையாட்டித் திரும்புவதே நம் பெற்றோருக்குப் பழக்கம். மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் கடையிலும் அப்படித்தான். அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு உண்டு. ‘எது போச்சு? எப்படித் தெரிந்தது?’ என்று பணிவோடு கேட்கவும், ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்கவும் இந்தக் கல்லூரி நமக்குக் கற்றுத்தருகிறது. அந்தப் பழக்கத்தைத் தேர்வுத்தாளோடு விட்டுவிடாமல் வீட்டு வாசல்வரை கொண்டுசெல்வோம். அழிக்கச் சொல்லும் எந்த யோசனையையும் ஏற்குமுன் ஒரு கேபிளையாவது கழற்றிப் பார்ப்போம்.