உள்ளங்கைக் கணக்கு

பாகூரில் அம்மா வீட்டு அடுப்பங்கரையில் ஓர் இரும்புக் குழிக்கரண்டி தொங்கும். தாளிக்க அதை எடுத்தால் வசவுதான். அது மருந்துக் கரண்டி. வீட்டில் எவர் இருமினாலும் அதில் தேங்காய் எண்ணெய் ஊற்றிச் சூடுகாட்டி, சாமி மாடத்திலிருந்து இரண்டு வில்லை சூடம் எடுத்து நுணுக்கிப் போடுவாள் அம்மா. சூடம் கரையக் கரைய வாசனை தெருத்திண்ணை வரைக்கும் வரும். ஆறியும் ஆறாமலும் நெஞ்சிலும் முதுகிலும் அரக்கித் தேய்ப்பாள். அண்ணனும் நானும் அந்த வாசனையில்தான் வளர்ந்தோம்.

போன தை மாதம் அண்ணன் மகள் பாரீசிலிருந்து எட்டு மாதக் கைக்குழந்தையோடு வந்தாள். எங்கள் தாத்தா சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில்தான் அண்ணன் குடும்பம் அங்கே போய்ச் சேர்ந்தது. வந்த மூன்றாம் நாளே குழந்தைக்கு மூக்கடைப்பு. அம்மா கரண்டியை எடுத்தாள்.

“ஆயா, வேணாம். சூடம் பாப்பாவுக்கு ஆகாது, ஃபிட்ஸ் வந்துடும்.”

“உங்கப்பனுக்கு இதைத்தான் தேய்ச்சேன். அவனுக்கு என்ன வந்துச்சி?”

“அத்தை, நீங்களாவது சொல்லுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தன் பெட்டியிலிருந்து வெள்ளைக் குடுவை ஒன்றை எடுத்தாள். பிளக்கில் சொருகினால் புகைபோல ஆவி விடும். தண்ணீர் ஊற்றி, யூகலிப்டஸ் தைலம் எட்டுச் சொட்டு விட்டு, சேலைத் தூளிக்கு நேர்கீழே வைத்துக் கதவைச் சாத்தப் போனாள். சூடம் ஆகாது என்றவள் தைலம் ஆகும் என்கிறாள். மாமியார் உடைத்தால் மண்சட்டி கதைதான்.

சூடத்தைப் பற்றி அவள் சொன்னது சரி. அம்மா காய்ச்சுவது பாகூருக்கே உரிய கைப்பக்குவமும் அல்ல. பருத்திக்கொட்டை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு சூடம் கரைத்த இதே சரக்கு அமெரிக்காவில் மருந்துக்கடையில் விற்றது. விளக்கெண்ணெய் என்று நினைத்துப் பிள்ளைகளுக்குப் புகட்டி வலிப்பு வந்த சம்பவங்கள் சேர்ந்துபோய், 1982-இல் அதை விற்கவே கூடாது என்றாகிவிட்டது. தடவுகிற மருந்துகளிலும் சூடம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அங்கே வரம்பு உண்டு. அம்மாவின் கரண்டியில் எத்தனை சதவீதம் என்று யார் சொல்வது? வில்லையின் பருமன் கடைக்குக் கடை வேறு. எண்ணெயின் அளவு அவள் மணிக்கட்டின் சாய்வு. விழுங்கினால்தான் ஆபத்து என்றும் இல்லை. சூடம் குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவே உடம்பில் ஏறும்.

தைலத்தைப் பற்றி அவள் நினைத்ததுதான் தப்பு. யூகலிப்டஸை நாம் தைலமரம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1843-இல் காட்டன் என்ற பட்டாள கேப்டன் ஒருவர் வெலிங்டன் பக்கம் கொண்டுவந்து நட்டதாகச் சொல்கிறார்கள். இன்று நம் வீட்டு மரம் மாதிரி. தலைவலிக்குக் கைக்குட்டையில் விட்டு முகர்வது, வேது பிடிக்கிற அண்டாவில் ஊற்றுவது எல்லாம் சாதாரணம். அப்படி முகர்ந்த பிறகு வலிப்பு வந்த பெரியவர்களைப் பற்றி பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் 2017-இல் எழுதினார்கள். பெரியவர்களுக்கே அந்தக் கதி என்றால் எட்டு மாதப் பிஞ்சு எம்மாத்திரம்? அதுவும் சாத்திய அறைக்குள்.

எனக்கென்னவோ இந்த வம்பெல்லாம் ‘எண்ணெய்’ என்ற சொல்லில் தொடங்குகிறது என்று தோன்றுகிறது. எண்ணெய் என்றால் நமக்கு எள்ளின் நெய். உள்ளங்கை குழிய ஊற்றி உச்சியில் வைத்து அரக்கினால்தான் எண்ணெய் வைத்ததாகக் கணக்கு. சிக்கனம் பார்த்தால் கஞ்சன் என்பார்கள். இந்தப் புட்டிகளில் இருப்பதோ எண்ணெயே இல்லை. வில்லியனூரில் என் வீட்டுக் காலண்டரில் கிழித்த தாளில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு, தைலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். நல்லெண்ணெய்ச் சொட்டில் பின்பக்கத்து ராசிபலன் தெரிந்தது, மறுநாளும் தெரிந்தது. தைலச் சொட்டு காபி குடித்து முடிப்பதற்குள் மாயமாய்ப் போய்விட்டது. நெய்ப்பசை என்பதே கிடையாது. கூடை கூடையாக இலையை வேகவைத்து இறக்கிய சாறு அது. உள்ளங்கையால் அளக்கிற சாமான் இல்லை, சொட்டால் அளக்கிறது. ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டே சொட்டு என்பது வளர்ந்தவர் தோலுக்குப் போதுமான கணக்கு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கடைவாய்ப் பல்வலிக்குக் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்தேன். வலி போயிற்று. காலையில் கண்ணாடியில் பார்த்தால் ஈறு வெந்து வெள்ளையாகத் தோல் உரிந்து நின்றது. நாலு நாள் மோர்சாதம்.

ஊட்டி போய் வருகிறவர்கள் வாங்கி வரும் விண்டர்கிரீன் தைலம்தான் எனக்கு இதிலெல்லாம் பெரிய பயம். மூட்டுவலிக்குச் சொர்க்கம், மறுக்கவில்லை. ஆனால் கலப்பில்லாத அந்தத் தைலம் ஒரு தேக்கரண்டி, 5 மில்லி, ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். இருபது மாத்திரைக்கு மேல். இதய நோய்க்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் அதை முழங்காலில் தினம் அரக்கினால் மாத்திரையின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். அந்தப் புட்டியை டிவி ஸ்டாண்டில், குழந்தை கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் வைக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை தைலப் புட்டியை வாயில் கவிழ்த்துக்கொண்டது. பாட்டி பதறிப்போய்ப் புளியைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைத்தார். மண்ணெண்ணெய்க் காலத்திலிருந்து வரும் பழக்கம், அப்போதும் தப்பான பழக்கம். வாந்தியோடு மேலேறும் தைலம் மூச்சுக்குழலில் இறங்கும். பிள்ளை தைலத்துக்குப் பிழைத்து நுரையீரல் சளியில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது. புளியும் வேண்டாம், உப்புத் தண்ணீரும் வேண்டாம். புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுவதுதான் வழி. டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்துக்கும் கட்டணமில்லாத எண் இருக்கிறது: 1800 116 117. அம்மா வீட்டு பிரிட்ஜ் கதவில், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே இதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பாப்பாவுக்கு மூக்கடைத்த அன்று சாயந்தரம் குடுவையைப் பெட்டிக்குள் திரும்ப வைக்கச் சொன்னேன். அண்ணன் மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அம்மாவிடம் சூடத்தை விட்டுவிட்டு வெறும் எண்ணெயைக் காய்ச்சச் சொன்னேன். அவளும் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். ஆனாலும் காய்ச்சினாள். விளக்கு வெளிச்சத்தில் குழந்தையைக் காலில் போட்டு, நெஞ்சிலும் முதுகிலும் பாதத்திலும் வெதுவெதுப்பாகத் தடவினாள். குழந்தை கொட்டாவி விட்டது.

“வாசனையே இல்லியேடி, இதெல்லாம் ஒரு மருந்தா” என்றாள்.

குழந்தை தூங்கியதும் மறுபடி அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தேன். நுணுக்கி வைத்திருந்த சூடத்தை வீணாக்க மனமில்லாமல் எண்ணெயில் போட்டுத் தன் முழங்காலுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசனை திண்ணை வரைக்கும் வந்தது.