ஒரு தாருக்கு எவ்வளவு?

ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும் அதோடு தொடர்புடைய புத்தகம் ஏதாவது கையில் கிடைக்குமா என்று தேடுவது என் பழக்கம். சில நேரம் படத்துக்கு மூலமான கதை கிடைக்கும். சில நேரம் படம் எடுக்காமல் விட்டது எல்லாம் வேறொரு புத்தகத்தில் இருக்கும். கடந்த சில மாதங்களில் பார்த்த, படித்த சிலவற்றைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வந்து நின்றன.

2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி தமிழ்நாட்டில் இரண்டு படங்கள் ஒரே நாளில் வெளிவந்தன. ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை'. இன்னொன்று பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. இரண்டையுமே நான் தாமதமாக, வீட்டில்தான் பார்த்தேன். இரண்டையும் அம்மாவோடு சேர்ந்து பார்த்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், இந்தக் கட்டுரையில் உள்ள விமர்சனங்களில் பாதி அவருடையவை.

அம்மா தோட்டத்தில் பிறந்தவர். ஒன்பது வயதிலிருந்து பள்ளி இல்லாத நாட்களில் பாட்டியோடு காட்டுக்குப் போய் மங்கு துடைத்தவர். மரம் வெட்டுவதற்கு முன்பு மங்கில் ஒட்டியிருக்கும் பழைய பாலை உரித்துத் துடைத்து வைக்க வேண்டும். வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் கோட்டுப்பாலை இழுத்து எடுத்துப் பையில் போட வேண்டும். இதற்குப் பிள்ளைகளுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. பாட்டியின் நிரை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

'வாழை'யில் சிவனைந்தன் என்ற பையன் விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கப் போகிறான். அவனுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. கழுத்து வலிக்கிறது. அவனும் அவன் நண்பனும் எப்படியாவது தப்பிக்கப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடமும் அங்கே ஒரு டீச்சர் மேல் இருக்கும் பிரியமும்தான் அவன் உலகம். படத்தின் முதல் பாதி முழுக்க இந்தச் சிரிப்பும் வலியும்தான். இந்தப் பகுதியைப் பற்றி நிறைய பேர் அழகாக எழுதிவிட்டார்கள். நான் திரும்ப எழுதப் போவதில்லை.

அம்மா வேறொரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுமை தூக்குகிறவர்கள் கூலியை ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்கும் இடம்.

"ஒரு தாருக்கு ஒரு ரூபாயா கேக்குறாங்க? ஏத்திக் கேட்டது ஒண்ணும் தப்பில்லயே" என்றார். பிறகு படத்தை விட்டுவிட்டு ஸ்டோர் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். காண்டாவில் இரண்டு வாளி பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால், நிறுத்து, பாலில் எவ்வளவு தண்ணி, எவ்வளவு ரப்பர் என்று பார்த்துக் கிராணி ஓர் எண்ணை எழுதுவார். "அவரு எழுதுறதுதான் கணக்கு. நம்ம தோளுக்குத் தெரிஞ்ச கணக்கு வேற" என்றார் அம்மா. மழை பெய்த நாளில் வெட்டு கிடையாது. அன்றைக்குச் சம்பளமும் இல்லை. மழையைப் பார்த்துக் கவிதை எழுதுகிறவர்கள் மேல் அவருக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் இருக்கிறது.

படத்தில் அந்த ஒரு ரூபாய்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. ஏற்றிக் கொடுத்த கூலியை வேறு வழியில் மிச்சம் பிடிக்கத் தரகர் முயல்கிறார். ஆட்கள் தார்களின் மேலேயே உட்கார்ந்து லாரியில் திரும்ப வேண்டியிருக்கிறது. லாரி கவிழ்கிறது. மாரி செல்வராஜ் தன் இளமையில் கண்ட ஒரு விபத்தைத்தான் எடுத்திருக்கிறார் என்பது தெரிந்த விஷயம். ஆனால் அந்த விபத்துக்கு ஒரு விலை இருந்தது, அது ஒரு ரூபாய் என்று படம் சொல்கிறதே, அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. யார் மேலும் இடி விழவில்லை. யாரோ ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

பசியோடு வந்த பையன் சாப்பிட முடியாமல் ஓடும் அந்தக் கடைசிப் பகுதியில் அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பயல திங்க விட்டுருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

படம் வெளிவந்த சில நாட்களில் எழுத்தாளர் சோ. தர்மன், வாழைத்தார் சுமக்கும் சிறுவர்களைப் பற்றித் தான் 'வாழையடி' என்ற சிறுகதையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருப்பதாகச் சொன்னார். மாரி செல்வராஜும் அந்தக் கதையைப் படித்துவிட்டு மற்றவர்களையும் படிக்கச் சொன்னார். இணையத்தில் சில நாள் இது சண்டையாக ஓடியது. யார் முதலில், யார் பிறகு என்ற பஞ்சாயத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஒரே வட்டாரத்தில் ஒரே சுமையைப் பார்த்த இருவர் ஒரே மாதிரி எழுதத்தான் செய்வார்கள். எனக்குப் பட்டது வேறு. அவர்களுக்கு ஒரு வாழைத்தாருக்கு ஒரு சிறுகதை இருக்கிறது, ஒரு சினிமாவும் இருக்கிறது. சண்டை போடும் அளவுக்கு இருக்கிறது. நம் காண்டாவுக்கு என்ன இருக்கிறது?

'கொட்டுக்காளி' வேறு வகை. பின்னணி இசையே கிடையாது. வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. அதிலும் நடைதான், இதிலும் பயணம்தான். மீனாவுக்கு வேறு சாதிப் பையன் மேல் விருப்பம். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுசெய்து, மொத்தக் குடும்பமும் ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலுமாகச் சாமியாரிடம் அழைத்துப் போகிறது. பலி கொடுக்க ஒரு சேவல், காலில் கயிற்றோடு கூடவே வருகிறது. வழியை மறித்து நிற்கும் காளையைப் பார்த்து அத்தனை ஆண்களும் தயங்க, ஒரு சிறுமி வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். படத்தில் நான் வாய்விட்டுச் சிரித்த ஒரே இடம் அது.

அன்னா பென் நடித்த மீனா பேசுவதில்லை. "இந்தப் பொண்ணு வாயே தொறக்காதா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார். பேசாதவள்தான் அந்த ஆட்டோவில் எல்லாரையும்விடப் பலசாலி என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிகிறது. தொண்டை கட்டிய குரலில் சத்தம் போட்டுக்கொண்டே வரும் பாண்டிதான் (சூரி) கடைசியில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறான். படம் அங்கேயே நம்மையும் விட்டுவிட்டுப் போகிறது. "முடிஞ்சிருச்சா?" என்றார் அம்மா. முடிந்தது என்றேன். "ஏமாத்திட்டாங்க" என்று எழுந்து போனவர், மறுநாள் காலையில் வெங்காயம் அரிந்துகொண்டே, "அவன் வண்டியத் திருப்பிருப்பான்" என்றார். ராத்திரி முழுக்க அதையே யோசித்திருக்கிறார்.

மீனாவின் மௌனம் எனக்குப் பாட்டியை ஞாபகப்படுத்தியது. பாட்டியின் அண்ணன் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போனவர். அவரைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் பாட்டி சொன்னது ஒரே பதில்தான்: "கூட்டிட்டுப் போனாங்க. வரல." இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அவர் பெயரைக்கூட நான் அம்மாவிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். படம் எதுவும் இல்லை. கடிதம் இல்லை. இரண்டு வாக்கியம்தான் இருந்தது.

அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் இருந்ததை எனக்குச் சொன்னவை நம் நாவல்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', இப்போது கோ. புண்ணியவானின் 'கையறு'. மூன்றும் மூன்று விதம். 'கையறு' என்னை அதிகம் பாதித்ததற்குக் காரணம், அது போனவர்களோடு நிற்காமல் தோட்டத்தில் மிஞ்சிய பெண்களையும் பார்க்கிறது. ஆம்பளை இல்லாத லயத்தில் அடுத்த வேளை மரவள்ளிக்கிழங்குக்கு என்ன வழி என்று யோசிக்கும் பெண்கள். பாட்டியின் மௌனம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பக்கங்களில்தான் எனக்குப் புரிந்தது. அவர் மறைத்தது இல்லை. அந்த நாட்களில் அழுவதற்கு நேரமில்லாமல் போனது, பிறகு அழப் பழக்கமில்லாமல் போனது.

'கையறு' படித்த கையோடு, பல வருடம் கழித்து 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படத்தைத் திரும்பப் பார்த்தேன். டேவிட் லீன் இயக்கி 1957இல் வந்த படம். ஏழு ஆஸ்கர் வாங்கியது. சினிமா ரசிகனாக எனக்கு அந்தப் படம் மேல் இருக்கும் மயக்கம் இன்னும் குறையவில்லை. அலெக் கின்னஸ் அந்த இரும்புக் கூண்டிலிருந்து வெளியே வந்து, கால் தடுமாறியும் விறைப்பாக நடக்க முயலும் நடை ஒன்று போதும். அதிகாரிகள் உடல் உழைப்பு செய்யக்கூடாது என்ற ஒரு விதிக்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருக்கும் மனிதன், பிறகு எதிரிக்காக ஒரு பாலத்தை ஆசை ஆசையாகக் கட்டுகிறான். திரைக்கதையாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்த முறை நான் வேறு ஆட்களைத் தேடிக்கொண்டே இருந்தேன். சயாம்-பர்மா ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இதைப்போல மூன்று மடங்குக்குக் குறையாமல் இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெரும் பகுதி. இறந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. 90,000 என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பாட்டியின் அண்ணனைப் போன்றவர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. படத்திலும் அவர்கள் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் படம் பிடிக்கப்பட்டது சிலோனில், கித்துல்கலயில்.

இதில் இன்னொரு விஷயம். மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், போருக்கு முன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அதாவது, பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்கும் தமிழர்களைத் தினமும் பார்த்திருக்கக்கூடியவர். அவர் கற்பனைக்கு வந்தவன் ஓர் ஆங்கிலேய கர்னல். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எழுத்தாளனுக்கு எது உறுத்துகிறதோ அதைத்தான் எழுத முடியும். ஆனால் நம்மை உறுத்துவதை அவர் வந்து எழுதுவார் என்று காத்திருக்கவும் முடியாது.

படத்தின் திரைக்கதைக்கான ஆஸ்கர்கூட முதலில் பியர் பூல் பெயருக்குத்தான் போனது. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் அன்றைய கம்யூனிச வேட்டையில் கருப்புப் பட்டியலில் இருந்தவர்கள். 1984இல், இருவரும் இறந்த பிறகுதான் அவர்கள் பெயருக்கு விருது மாற்றி வழங்கப்பட்டது. ஹாலிவுட்டிலேயே விடுபட்ட பெயரைச் சேர்க்க இத்தனை வருடம் ஆகும் என்றால், லயத்திலிருந்து போனவன் பெயருக்கு எவ்வளவு ஆகும்?

நம்மிடம் படமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வந்தது. மலாயில் 'ஜாஹாட்' என்றால் கெட்ட, பொல்லாத என்று அர்த்தம். நம் வாயில் அது ஜகாட். தோட்டங்கள் மூடப்பட்டு, வெளியே புறம்போக்குக் குடியிருப்புகளில் வந்து விழுந்த தலைமுறையில் அப்போய் என்ற துறுதுறுப்பான பையன் எப்படிக் கைமீறிப் போகிறான் என்பதுதான் கதை. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியபோது சினிமாக்காரர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு மொழி பார்க்காமல் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது 'ஜகாட்'டுக்குக் கிடைத்தது. அந்தப் படத்தை இன்று திரும்பப் பார்த்தாலும் அப்பனின் அடி உறைக்கிறது. அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பிள்ளை தன்னைப்போல ஆகிவிடுவானோ என்ற பயத்தில் அடிக்கிறான்.

'ஜகாட்' தோட்டத்துக்குப் பிந்திய கதை. அதற்கு முந்தைய கதை நாவல்களில்தான் இருக்கிறது: சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்', புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' என்று அடுக்கலாம். 'படமாக எடுக்கக் காசு எங்கே?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 'கொட்டுக்காளி'யில் ஓர் ஆட்டோ, சில மோட்டார் சைக்கிள்கள், ஒரு சேவல், நீண்ட சாலை இவைதான் இருக்கின்றன. ரயில்பாதையைப் போடக் காசு வேண்டும். போனவன் வராத வீட்டில் ஒரு நாளை எடுக்க அவ்வளவு வேண்டாம்.

காசைவிட எனக்குக் கவலை தருவது காலம். ரப்பர் தோட்டம் வரும் சினிமாக் காட்சிகளைப் பார்த்தால் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "உளியப் புடிக்கிற லட்சணத்தப் பாரு. மரம் காயம் பட்டுச் செத்துடும்" என்பார். பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும், இருட்டில் நெற்றி விளக்கோடு நிரையில் ஏறும்போது கால் எங்கே வைக்க வேண்டும், எல்லாம் அவர் கையிலும் காலிலும் இருக்கிறது. அவருக்கு எழுபத்திரண்டு வயது. அவரோடு அந்தத் தோட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

நாவல்கள் இருக்கும், அவசரமில்லை. ஆனால் நடிகரின் கையைப் பிடித்து, "இப்படி இல்லப்பா, இப்படி" என்று திருத்தக்கூடியவர்கள் இன்னும் சில வருடங்கள்தான் இருப்பார்கள். யாராவது எடுக்கப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள். அம்மா வருவார். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் முதலிலேயே கேட்பார்.