இரண்டு சம்பளச் சீட்டும் ஒரு கல்யாணப் பேப்பரும்

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு டீச்சர் தப்பாகச் சொன்னால் அது கரும்பலகையோடு அழிந்துபோவதில்லை. லயம் முழுக்கப் பரவிவிடும்.

2024-ஆம் ஆண்டு. என் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் தாயார், புத்தகக் கட்டணம் கட்ட வந்தவர், எஸ்.டி.ஆர். உதவித்தொகைக்குத் தாமும் மனுச் செய்யலாமா என்று கேட்டார். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். அவர் உரம் போடுகிறார். இருவருக்கும் அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. ஆக 3,000. எனக்கு நினைவில் இருந்தது 2,500 என்ற ஓர் எண்தான். "ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க, உங்களுக்குக் கிடைக்காதுக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த 2,500 திருமணமாகாத தனி ஆளுக்கு உள்ள வரம்பு. குடும்பத்துக்கு வரம்பு 5,000 வெள்ளி. கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் கூட்டி 5,000-க்குள் இருந்தால் மனுச் செய்யலாம். இதில் மனத்தைக் குழப்புவது என்னவென்றால், குடும்பங்களுக்குள்ளும் 2,500 வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் 5,000 வரை இன்னொரு பிரிவு. முதல் பிரிவுக்குத் தொகை கூடுதல், இரண்டாவதற்குக் குறைவு. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தும் மாறும். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனது. இருவருக்கும் சேர்த்து 3,400. அப்போதும் வரம்புக்குள்தான்.

2012-இல் பிரிம் என்று தொடங்கி, பெயர் மாறி மாறி, 2023 முதல் எஸ்.டி.ஆர். ஆகியிருக்கிறது. பெயர் மாறும்போதெல்லாம் நம்மவர்கள் "அது நின்னு போச்சாம்" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆசிரியை நானே அப்படி இருந்தேன் என்றால் மற்றவர்களை என்ன சொல்ல!

தவறு தெரிந்த அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கோபப்படவில்லை. கோப்பியைக் கலந்து கொடுத்து, "விடுங்க டீச்சர்" என்றார். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

வீட்டில் கணவரின் தாயாரும் இருந்தார். எழுபது வயது, கணவர் காலமாகிவிட்டார், கையில் நீல அடையாளக் கார்டு. ஒரே கூரையின் கீழ் இருப்பதால் அவரை மகன் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. துணையில்லாத முதியோர் என்று தனிப் பிரிவு உண்டு. அடுத்த லயத்துப் பாட்டி ஒருவரும் எட்டிப் பார்த்து, "எனக்கு?" என்றார். அவர் கார்டு சிவப்பு. இந்த மண்ணிலேயே பால்மரம் வெட்டி முதுகு வளைந்தவருக்கு, குடியுரிமை இல்லாததால் கிடையாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் சொன்னேன்.

பிறகு பாரத்தை எடுத்தோம். கணவன் மனைவி விவரம் என்ற இடம் வந்தது. திருமணச் சான்றிதழைக் கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாமி முன்னாடிதானே டீச்சர் தாலி கட்டினாரு. பேப்பர் எதுக்கு?"

எனக்குப் பகீர் என்றது. பணம் தாமதமாகுமே என்பதால் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் இதே தோட்டத்தில் ஒரு பெண், கணவர் நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட, ஓர் அலுவலகத்துக்கு என்னைத் துணைக்கு அழைத்துப் போனாள். அவர் சம்பளத்தில் மாதம் தவறாமல் சொக்சோ பிடித்திருந்தார்கள். சந்தா செலுத்திய தொழிலாளி 60 வயதுக்கு முன் இறந்தால், அது வேலையில் நேர்ந்த மரணமாக இல்லாவிட்டாலும், சந்தாக் கணக்கு போதுமானதாக இருந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு. பெனாக்காட் என்று மலாயில் எழுதியிருக்கும். அதில் 5-இல் 3 பங்கு மனைவிக்கு, 2 பங்கு பிள்ளைகளுக்கு. மனைவி சந்தாக்காரராக இருந்து இறந்தால் கணவருக்கும் அப்படியே. அங்கே சான்றிதழ் கேட்டார்கள். அவள் பையிலிருந்து எடுத்தது கல்யாண ஆல்பம். மாலையும் கழுத்துமாக இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த 3 பங்கு அவள் கைக்கு வரவேயில்லை.

1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அன்று முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்தே ஆகவேண்டும். கோயிலில் தாலி கட்டியது நம் மனசுக்கு. கவுண்டரில் கேட்பது பேப்பர்.

இதை அந்த அக்காவிடமும் கணவரிடமும் சொன்னேன். அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என் இ.பி.எப்-ல தம்பி பேருதான் இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை! அதையும் மாற்றச் சொன்னேன்.

பதிவிலாகாவில் மனுக் கொடுத்தார்கள். அறிவிப்பு 21 நாள் இருக்கவேண்டும். அது முடிந்ததும் இருவரும் ஒரு நாள் லீவு போட்டார்கள். ஒரு நாள் சம்பளம் போயிற்று, டாக்சிக் கூலி வேறு. இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் மண்டோர், இன்னொருவர் நான். அக்கா தீபாவளிச் சேலையைக் கட்டி, தலையில் மல்லிகைப் பூ வைத்திருந்தார். அண்ணனுக்குக் கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கியது. குலைவெட்டும் கத்தியைப் பிடிக்கும்போது நடுங்காத விரல்.

மகளும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தாள். என் முன்னாலேயே மட்டம்! வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், அம்மா அப்பாவுக்கு இன்னைக்குத்தான் கல்யாணமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "கல்யாணம் அன்னிக்கே ஆச்சுடி. இன்னிக்கு அதுக்கு ரசீது வாங்கினோம்."