ஒன்பதேகால் மணிச் செய்தி

சித்தூரில் நாம் வளர்ந்த வீட்டில் இரவு ஒன்பதேகால் ஆனதும் பேச்சு அடங்கிவிடும். தெருவிலும் கடையிலும் தெலுங்கு. அந்த அரைமணி நேரம் மட்டும் இலண்டனிலிருந்து சிற்றலையில் தமிழ் வரும். தந்தையார் முள்ளைத் திருப்பித் திருப்பி பி.பி.சி. 'தமிழோசை'யைப் பிடிப்பார். அவ்வாறு நம் வீட்டிற்கு அறிமுகமான பெயர் மயில்வாகனம் நிமலராஜன்.

போர்க்காலத்தில் வெளியார் எளிதில் நுழைய இயலாத யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.யின் தமிழ், சிங்களச் சேவைகளுக்கும் வீரகேசரி, ராவய ஏடுகளுக்கும் அவர் செய்தி அனுப்பிவந்தார். 2000 அக்டோபர் 10 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முறைகேடுகளையும் வெளிக்கொணர்ந்தார். அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவரைச் சாளரத்தின் வழியே சுட்டுக் கொன்றனர். கையெறி குண்டும் வீசினர், வீட்டார் காயமுற்றனர். காவல் மிகுந்த பகுதியில், ஊரடங்கில், கொலையாளிகள் வந்து சென்றது எங்ஙனம்?

அச்செய்தி கேட்டதும் தந்தையார் வானொலியை நிறுத்தினார். "எழுதினதுக்கா?" என்று மட்டும் கேட்டார். அன்று பி.ஏ. மாணவராயிருந்த நமக்கு விடை கூற நா எழவில்லை.

பின்னர் மத்திய அரசின் எழுத்தராகித் திருப்பதிக்குக் குடிவந்தோம். இடையில் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், வராத பொருளை வந்ததாகப் பதிவேட்டில் எழுதும்படி கூறினர். தலைவலி என்று விடுப்பெழுதி வீடு திரும்பினோம். மறுநாள் வேறொருவர் எழுதியிருந்தார். நாம் பொய்யை எழுதவில்லை. உண்மையைச் சொல்லவும் இல்லை. நமக்குப் போகக்கூடியது உயிரன்று. ஓர் ஊதிய உயர்வு மட்டுமே!

நிமலராஜன் கொலைக்காக எவரும் தண்டனை பெறவில்லை. 2021இல் சந்தேக நபர்கள் மீதான வழக்கையே இலங்கைச் சட்டமா அதிபர் தொடராது விட்டார். ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில், அதிபருடைய தம்பியின் ஓட்டுநர் இறந்த மர்மத்தை ஆராய்ந்துவந்த இதழாசிரியர் நோர்பெர் சோங்கோ 1998இல் கொல்லப்பட்டபோது மக்கள் வீதியில் திரண்டனர். நாமோ வானொலியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றோம்.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் 2017இல் நின்றது. தந்தையார் மறைந்தார், அவர் வானொலி நம் பரண்மேல் இருக்கிறது. அண்மையில் அதைத் துடைத்த மகனிடம் இவ்வரலாற்றைக் கூறினோம். "எழுதினதுக்காப்பா?" என்று அவனும் கேட்டான். "ஆம், எழுதியதற்குத்தான்" என்றோம். தலைவலிக் கதையை மட்டும் மறைத்துவிட்டோம். இம்மலரை அவன் படிப்பான். அறிந்துகொள்ளட்டும்.